மச்ச பலன்

உள்ளங்காலில் மச்சமிருந்தால்
ஊர் சுற்றிப் பிழைப்பான் என்று
காலண்டரின் பின்பக்கம் போட்டிருந்தது.
சரிதான் என்று விட்டுவிட்டேன்.
காரைக்குடி – அறந்தாங்கி, நாளைக்கு ஆறு நடை,
இருபத்து மூன்று வருஷம்.
மச்சம் இடது குதிகாலில். கிளட்ச் மிதிக்கிற கால்.

பிறவி மச்சம் இல்லை அது.
டிக்கெட் எடுக்காமல் ஏறிய ஆள் மாதிரி
எப்போதோ வந்து பின்சீட்டில் உட்கார்ந்திருக்கிறது.

கருவேல முள் உள்ளேயே நின்றுவிட்டது என்றார் கண்டக்டர் சேவுகன்.
ஆணிக்கால் என்று பிளாஸ்திரி கொடுத்தார் மெடிக்கல்காரர்.
பூக்குழியில் கங்கு கடித்த இடம் என்றாள் அக்கா,
விரதத்தில் நான் ஏதோ குறை வைத்தேனாம்.
நான் பிளேடால் சீவினேன்.
இரண்டு தடவை.
டாக்டரிடம் இதைச் சொன்னபோது
அடைக்கியின் முகத்தைப் பார்க்கவில்லை.

ஓரம் கலைந்து, ஈரத்தாளில் மை போலப் பரவி,
ஒருநாள் செருப்பில் ரத்தம்.
பிறகு தொடையிடுக்கில் நெறி கட்டியது.
காலில் புண் வந்தால் நெறி கட்டும்தானே.
புளியங்கொட்டை அளவு இருந்தது,
தைப்பூசத்துக்குள் நெல்லிக்காய்.

மதுரையில் டாக்டர் ஹெப்சிபா
படத்தை விளக்கில் செருகி
நுரையீரலில் இரண்டு பொட்டுகளைக் காட்டினார்.
மெலனோமா. நாலாவது ஸ்டேஜ்.
“மொத்தம் எத்தனை ஸ்டேஜும்மா?”
“நாலுதான்.”

எங்கள் ரூட்டில் நாலாவது ஸ்டேஜ் கண்டனூர்.
அதைத் தாண்டினால் புதுவயல், நெல் அவிகிற வாசனை,
முழங்கையில் உமி ஒட்ட ஏறுகிற மில் பெண்கள்,
அதற்கப்புறமும் எத்தனையோ நிறுத்தம்.
இதை அவரிடம் சொன்னேன்.
சிரிக்கவில்லை.
சிரிக்காததால்தான் நம்பிக்கை வந்தது.

“முழுசாக் குணமாகும்னு சொல்ல மாட்டேன்.
மூணு வாரத்துக்கு ஒரு ஊசி. பார்ப்போம்.”

கோட்டையூர்ப் பக்கம் வாங்கிப் போட்ட மூணு சென்ட்
முதல் நாலு ஊசிக்குள் கரைந்தது.
அடுத்ததுக்கு எங்கெங்கோ பாரம் நிரப்பி அனுப்பினாள் மகள்.
தொழில் என்ற கட்டத்தில்
டிரைவர் என்றே எழுதினாள்,
நான் திருத்தவில்லை.

அசதியைக் கேட்கிறார்கள்.
தூங்கினால் போகிற அசதி இல்லை.
ஹேண்ட் பிரேக்கை எடுக்காமல்
நாள் முழுக்க வண்டி ஓட்டுகிற அசதி.
ராத்திரியில் அரிப்பு.
சில ராத்திரி பயம் மட்டும், அரிப்பு இல்லாமல்.

குதிகாலை வெட்டித் தொடைத்தோலை ஒட்டியிருக்கிறார்கள்.
வெயிலே பார்க்காத தோல்
இப்போது தரையை மிதிக்கிறது.
மாத்தூரில் ஒரு கல்யாணம்.
ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில்
ஒரு கால் குளிர்ந்தது.
ஒரு கால் கேள்விப்பட்டது.

ஆறாவது ஊசிக்குப் பின்
புறங்கையில் வெள்ளை விழுந்தது, சுண்ணாம்பு தெறித்த மாதிரி.
டீக்கடையில் எனக்கு மட்டும் பேப்பர் கப்.
கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர்
கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தார்.
டாக்டர் அந்தக் கையைப் பிடித்து, திருப்பி,
முதல் தடவையாகச் சிரித்தார்.
“மருந்து கறுப்பைத் தேடிப் போகுது.
நல்ல கறுப்பு எது, கெட்டது எதுன்னு
பிரிச்சுப் பார்க்கத் தெரியலை அதுக்கு.
சில பேருக்கு இது நல்ல அறிகுறி. சில பேருக்கு.”
ஒரு பொட்டு சுருங்கியிருந்தது.
மற்றது அப்படியே.

அந்த மற்றதோடுதான் இருக்கிறேன்.
அதோடு பல் விளக்குகிறேன்,
கரண்ட் பில் கட்டுகிறேன்,
அடைக்கியோடு சண்டை போடுகிறேன், உப்புக்காக.

ஞாயிற்றுக்கிழமை தலைக்குக் குளித்தபின்
மாற்றி மாற்றி உடம்பு பார்க்கிறோம்,
விரலிடுக்கு, நகத்தடி, காதின் பின்புறம்.
இருபத்தாறு வருஷத்தில்
இவள் உள்ளங்காலை நான் பார்த்ததே இல்லை.
வெடிப்பு முழுக்கச் செம்மண்.
“கூசுது, விடுங்க” என்கிறாள்.
டார்ச்சைக் கிட்டே பிடித்து
இன்னொரு காலை நீட்டு என்கிறேன்.